வீடு வாங்க வக்கீல் தேடிய கதை

என் வீட்டுக்காரர் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்குவதற்கே நாலு பேரிடம் யோசனை கேட்பவர். பக்கத்தில் நின்று காய் பொறுக்குகிற அம்மாவிடம், "நல்லா இருக்குங்களா?" என்பார். அது போதாதென்று காய்க்காரரிடமே, "சொத்தை இருக்குமா?" என்று விசாரிப்பார். காய்க்காரர் ஆமாம் என்றா சொல்லப் போகிறார்? இப்படிப்பட்ட மனிதர் வீடு வாங்கக் கிளம்பியதும் பெரம்பலூரில் எங்களைத் தெரிந்த அத்தனை பேருக்கும் கொஞ்ச நாள் அதுவே வேலையாகிவிட்டது.

எங்களுக்கும் வேறு வழியில்லை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஓனர், வளைகுடாவில் இருக்கும் தன் மகன் குடும்பத்தோடு திரும்பி வரப்போவதாகச் சொல்லி, தை பிறந்ததும் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை வந்து குழாய்களையெல்லாம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நான் என்னவோ குழாயைக் கடித்துத் தின்கிறவள் மாதிரி என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். இனி ஒருத்தர் வீட்டில் குழாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டு இருப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பாடாலூர் பக்கம் மாமனார் விட்டுப்போன நிலத்தை விற்ற பணத்தைக் கையில் வைத்திருந்தோம். எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். வில்லங்கமான வீட்டில் அதைப் போட்டுவிட்டால் மறுபடி ஒரு வீடு இந்த ஜென்மத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் வெளியே தைரியமாக இருந்தார். எனக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது.

வீடு கிடைத்தது அரியலூரில். என் வீட்டுக்காரர் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பதும் அங்கேதான். பெரிய தெருவிலிருந்து உள்ளே தள்ளி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி எட்டாத இடம். கொல்லையில் கிணறு, கிணற்றடியில் முருங்கை. பார்த்த அன்றே எந்த மூலையில் எதை வைப்பது என்று மனத்துக்குள் அடுக்கிவிட்டேன். விற்கிறவர் நாற்பது வயதுக்காரர். பிள்ளைகள் படிப்புக்காகத் திருச்சிக்குப் போகிறார். அப்பா கட்டிய வீடு. அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறார், அவரும் மகனோடு திருச்சிக்குப் போகப் போகிறார்.

"நான் வூட்டுக்கு ஒரே புள்ளங்க. பங்கு, பாகம், ஒண்ணும் கெடையாது. கண்ண மூடிட்டு வாங்கலாம்," என்றார் அவர்.

கண்ணை மூடச் சொன்னால் எனக்கு உடனே விழித்துக்கொள்ளும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் முன்பணம் என்று நான் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தில் திருவிழாக் களை வந்தது. யோசனை கேட்க ஒரு புது விஷயம் கிடைத்துவிட்டதே.

முதலில் என் பெரியப்பா சொன்ன வக்கீலிடம் போனோம். அவர் யார் யாரையோ ஜாமீனில் எடுத்தவராம். "உள்ள போனவனையே வெளிய கொண்டாந்தவரு, ஒரு வூடு வாங்கிக் குடுக்க மாட்டாரா?" என்பது பெரியப்பாவின் வாதம். அந்த வக்கீல் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதிராளி யாரு?" என்றார். எதிராளி இல்லை, வாங்குகிறோம், அவர் விற்கிறார் என்றோம். "ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. சண்டை வந்ததும் வரச் சொன்னார்.

அடுத்தது என் கொழுந்தனார் சொன்ன ஆள். ஊரில் எந்த விசேஷத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தாலும் அதில் கறுப்புக் கோட்டோடு கை கூப்பி நிற்பவர். மூன்று நாள் அலைந்தும் அவரை ஃபிளெக்ஸில் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் விற்கிறவர் ஒரு வழி சொன்னார். "எதுக்கு சார் அலையிறீங்க? எங்க வக்கீலே இருக்காரு. பத்திரமெல்லாம் ஏற்கனவே பாத்து வச்சிருக்காரு. ரெண்டு பக்கத்துக்கும் அவரே பாத்துடட்டும்."

எங்கள் பக்கம் இது சகஜம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல் என்றால் ஒற்றுமை என்று நினைப்பார்கள், தனி வக்கீல் வைத்தால் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுண்டிப்போவார்கள். என் வீட்டுக்காரர் பூரித்துவிட்டார். எனக்கோ, பெண் வீட்டுக்காரர்களே மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஜாதகம் எழுதிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. "காய்க்காரன்கிட்டயே சொத்தை இருக்கான்னு கேக்குற புத்தி ஒங்கள விட்டுப் போவாதா?" என்றேன். அன்று இரவு அவர் ரசம் கேட்கவில்லை, நானும் ஊற்றவில்லை.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், மீதிப் பேர் சாமி பேரைச் சொல்வார்கள். அந்த வாரம் சர்க்கரை பார்க்க வந்த ஓர் அம்மா இரண்டையும் செய்யவில்லை. ஊசி உறையைத் தன் முன்னால் பிரிக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி பார்த்தார். பிறகு குழாயைக் காட்டி, "பேர எழுதிட்டு ரத்தம் எடுங்க. எடுத்துட்டு எழுதாதீங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "இத்தன வருசமா எடுக்குறேம்மா," என்றேன்.

"அதான் சொல்றேன். புதுசா வந்த பொண்ணா இருந்தா பயந்து பயந்து சரியா பண்ணும்."

வாயை மூடிக்கொண்டு பேரை எழுதினேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அரியலூரில் வக்கீல், சொத்து கேஸ்தான் பெரும்பாலும் என்றார். அவர் மேல் வந்த கோபம் அப்படியே ஆசையாக மாறியது. குழாயில் ரத்தம் ஏறி முடிவதற்குள் அவரை எங்கள் வக்கீலாகப் பேசி முடித்துவிட்டேன். ஊசி கையில் இருக்கும்போது பேசினால் யாரும் மறுப்பதில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். முன்னறைதான் ஆபீஸ். வக்கீலம்மா வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டே பேசினார். எங்களுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். என் வீட்டுக்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதில், "கூட்டமே இல்லையே?" என்றார். அவர் ஓட்டலையும் அப்படித்தான் தேர்வு செய்வார்.

நாங்கள் நீட்டிய பத்திர நகல்களை அந்த அம்மா தொடக்கூட இல்லை. "இது இருக்கட்டும். மொதல்ல வூட்டப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார்.

"வூட்ட நாங்க நல்லாவே பாத்துட்டோம் மேடம்," என்றார் இவர்.

"நீங்க கெணறு பாத்திருப்பீங்க. நான் ஆளுங்களப் பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். விற்கிறவர் வாசலுக்கே வந்து வரவேற்று, எந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்டார். வக்கீலம்மா அவரைத் தாண்டி நேராகக் கூடத்துக்குப் போய், பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தார். மூட்டுவலி எப்படி இருக்கிறது, திருச்சியில் உங்களுக்குப் பொழுது போகுமா என்று ஊர்க்கதை பேசினார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெங்காயம் உரிக்கவா இவரைக் கூட்டி வந்தோம் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

பேச்சோடு பேச்சாக வக்கீலம்மா கேட்டார்: "ஒங்களுக்குப் புள்ளைங்க எத்தனம்மா?"

"ஒரே புள்ள மேடம், நான்தான்," என்று மகன் வாசலிலிருந்தே சொன்னார்.

"பெத்தது ரெண்டு," என்றார் அந்த அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஊர்ப்பக்கம் வயதான பெண்களிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் பெற்றதைத்தான் சொல்வார்கள். இருப்பது, இறந்தது எல்லாம் அதற்குப் பிறகு வரும். வக்கீலம்மா அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்.

"இன்னொரு புள்ள தவறிடுச்சாம்மா?"

அந்த அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். மகன்தான் உள்ளே வந்து, "தவறிட்டதாவே வச்சுக்குங்க மேடம்," என்றார்.

"நான் எப்படிங்க வச்சுக்கறது? எந்த சுடுகாடுன்னு சொல்லுங்க."

பிறகு கதை வந்தது. விற்கிறவருக்கு மூத்தவள் ஓர் அக்கா. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு அப்பா சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி, ஏரிக்கரைக்குப் போய் அவளைத் தலை முழுகிவிட்டு வந்தார். செத்தவர்களுக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை. அப்பா இறந்தபோது வாரிசு சான்றுக்காக விசாரிக்க வந்தவர்களிடம் தெருவே திரண்டு ஒரே பிள்ளை என்று சொன்னது. அவர்கள் யாரும் பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. தலை முழுகியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லவா.

"தல முழுகின பொறவு அவளுக்கு இங்க என்ன இருக்கு மேடம்?" என்று கேட்டார் விற்கிறவர். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஒங்கப்பா முழுகின தண்ணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மதிப்பு இல்லைங்க. அவங்க உசுரோட இருக்காங்க. வாரிசு சான்று திருத்தணும், அவங்களும் கையெழுத்துப் போடணும்."

விற்கிறவரின் வக்கீல் போனில் சிரித்தாராம். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவள் இனிமேலா வந்து கேட்கப் போகிறாள், தேவையில்லாமல் தூங்குகிறவளை எழுப்பாதீர்கள் என்றாராம். என் வீட்டுக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒளிக்காமல் சொன்னால் எனக்கும் பட்டது. தை நெருங்குகிறது, ஓனர் குழாயைத் திறந்து மூட இரண்டு தரம் வந்துவிட்டார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வேறு ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் எங்களுக்கு அதைக் காட்டிய தரகர் சொன்னார். வக்கீலம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். வீடு வாங்கித் தருவீர்கள் என்று வந்தால் ஊர்க் குடும்பங்களைத் தைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்றேன்.

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, "சரி, வாங்கிக்குங்க. குடி வந்த பொறவு ஒருநாள் அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவீங்க? நாங்களும் ஒங்களத் தல முழுகிட்டோம்பீங்களா?" என்றார்.

அந்தக் கிணற்றடியில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, முகம் தெரியாத ஒருத்தி வந்து நிற்கிற மாதிரி தோன்றியது. வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு வக்கீல் வேண்டாம், இந்த அம்மா சொல்கிறபடியே போகலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இவர் அதையும் நாலு பேரிடம் கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொன்னதுதான் சரி என்று எனக்கே வந்து சொன்னார்.

அக்காவை எங்கே தேடுவது என்று விற்கிறவர் கையை விரித்தார். இருக்கிற ஊரே தெரியாது, நம்பர் கிடையாது என்று வக்கீலம்மா முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த அவருடைய மனைவி, "என்கிட்ட இருக்குங்க," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார். தா.பழூரில் இருக்கிறாராம். வீட்டுக்காரர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறாராம். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியது பத்தாவதாம். பொங்கலுக்கெல்லாம் வாட்ஸப்பில் படம் அனுப்பிக்கொள்வார்களாம். மகன் வாயைப் பிளந்தார். அந்த வீட்டில் தலை முழுகியது ஆண்கள் மட்டும்தான் போலிருக்கிறது. அம்மாவுக்கும் அந்தப் படங்கள் காட்டப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அக்கா வருகிறேன் என்றார். பங்கு விஷயத்தை அக்காவும் தம்பியும் வக்கீலம்மா முன்னால் போனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். திருத்திய வாரிசு சான்று தாலுகா ஆபீஸிலிருந்து வருவதற்குள் தை வந்து, மாசியும் வந்துவிட்டது. ஓனரின் மகன் குடும்பம் மாடியில் சாமான்களை அடுக்கிக்கொண்டு, நாங்கள் காலி செய்வதற்காகக் கீழே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குழாயையே திறக்காமல் குடும்பம் நடத்தினேன்.

பத்திரப் பதிவு அன்று ராகு காலம் முடிந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே நீலப் புடவையில் ஓர் அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே கூடத்தில் வெங்காயம் உரித்த தாயின் முகம். அவருடைய வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றார். மகன் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார வைத்தார். நடுவில் மகன், பிறகு என் வீட்டுக்காரர், பிறகு நான். தாய்க்கும் மகளுக்கும் நடுவே மூன்று பேர் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் மெதுவாக இருந்தது. அந்த இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைக் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, ஆதாரைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். அக்காவின் ஆதார் வந்ததும் நிறுத்தினார். அதில் கணவர் பேர்தான் இருந்தது.

"இவங்கதான் எறந்துபோனவரோட மகளுன்னு யாரு சொல்றது?"

வாரிசு சான்றில் இருக்கிறது என்றார் வக்கீலம்மா. சான்றில் இருப்பது பேர், எதிரே நிற்பது அந்த ஆள்தானா என்று கேட்டார் சார்பதிவாளர். சாட்சிக்கு வந்திருந்த என் கொழுந்தனார் அக்காவை அன்றுதான் பார்க்கிறார். தம்பியைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். நான் சொல்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது அவருக்கு வரவில்லை.

சார்பதிவாளர் வயதான அம்மாவிடம் திரும்பினார். "நீங்கதான் அம்மாவா? இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

அந்த நேரம் என் வீடு, கிணறு, முருங்கை எல்லாம் அந்த அம்மாவின் வாயில்தான் இருந்தது. அவர் தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வீட்டுக்காக வேண்டுகிறேனா, வேறு எதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மாவின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா. என்ன வேணும்?"

"எம் மவ," என்றார். பிறகு, அவருக்கு இன்னும் கேட்கவில்லையோ என்று பயந்தவர் மாதிரி, அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "எம் மவதாங்க! மூத்தவ! நான் பெத்தவ!" என்று சொன்னார்.

சார்பதிவாளர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்தைத் திருப்பினார். அவருக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று.

மகளைக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மெஷின் எடுக்கவில்லை. மறுபடி வைத்தார், மறுபடியும் எடுக்கவில்லை. அவர் கண்ணையும் மூக்கையும் துடைத்த கை ஈரமாக இருந்தது.

"கையில ஈரம் இருக்குங்க. தொடச்சுட்டு வைங்க," என்றார் கம்ப்யூட்டரில் இருந்தவர்.

அந்த அம்மா மகனின் கையை உதறிவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். மகளின் கையைப் பிடித்து இழுத்து, தன் முந்தானையை எடுத்து, கட்டை விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துடைத்த விரலை விடாமல், தானே கொண்டுபோய் மெஷின் மேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துடுச்சுங்க. கைய எடுத்துக்கலாம்," என்று கம்ப்யூட்டரில் இருந்தவர் சொன்ன பிறகும் அந்த அம்மா கையை எடுக்கவில்லை.